செக் பிரபுக்களும் அவர்கள் நிலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக் குடியரசில் எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு கோட்டையோ மாளிகையோ கண்ணில் பட்டுவிடும். யார் கட்டியது, காசு எங்கிருந்து வந்தது, அந்தக் குடும்பங்கள் இப்போது என்ன செய்கின்றன என்று கேட்காதவர்கள் குறைவு. பட்டங்களையும் வம்சாவளியையும் பிடித்துக்கொண்டு போனால் தலை சுற்றும். நிலத்தின் பட்டா யார் பெயரில் இருந்தது, எப்போது, எப்படிக் கை மாறியது என்று பார்த்தால் ஐந்நூறு ஆண்டுக் கதை ஓரளவு பிடிபடும். கீழே உள்ள பதில்கள் அந்த வழியில்தான் போகின்றன.

பழைய புத்தகங்களில் ‘போஹீமியா’ என்று வருகிறதே, அது செக் நாடுதானா?

பெரும்பகுதி அதுதான். பிராக் நகரைத் தலைநகராகக் கொண்ட போஹீமியா, அதற்குக் கிழக்கே மொராவியா, வடகிழக்கில் சிலேசியா ஆகியவை போஹீமிய மணிமுடியின் நாடுகள். 1526இல் மோஹாச் போரில் இளம் அரசர் லூயி மாண்டதும், பிரபுக்களும் நகரங்களும் கூடி ஹாப்ஸ்பர்க் குடும்பத்து ஃபெர்டினாண்டை அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். அரசரைத் தேர்ந்தெடுப்பது தங்கள் உரிமை என்று அவர்கள் நம்பினார்கள். அது தங்கள் பரம்பரைச் சொத்து என்று ஹாப்ஸ்பர்க்குகள் நினைத்தார்கள். சண்டைக்கான விதை அங்கேயே விழுந்துவிட்டது. 1918 வரை அந்தக் குடும்பம்தான் ஆண்டது.

பிரபுக்களில் எத்தனை படி?

தொடக்கத்தில் இரண்டே படிதான்: மேலே பெரும் பிரபுக்கள், கீழே வீரர் குலம். சட்டமன்றத்தில் இந்த இரண்டோடு அரச நகரங்களும் உட்கார்ந்தன. மொராவியாவில் மதகுருமாருக்கும் தனி இடம் உண்டு. இளவரசர், கோமகன், பாரன் என்று படிப்படியாக நீளும் பட்டங்கள் ஹாப்ஸ்பர்க் காலத்தில்தான் பெருகின.

இந்தப் படிகள் வெறும் அலங்காரம் அல்ல. 1900இல் பட்டத்து வாரிசு ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சோஃபி ஹோடெக்கைக் கல்யாணம் செய்தபோது, பெண் பழைய போஹீமியக் கோமகன் குடும்பத்தவர். ஆனாலும் அரச குலத்துக்குச் சமமில்லை என்று சொல்லி, பிறக்கும் பிள்ளைகளுக்கு அரியணை உரிமை கிடையாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1914இல் சராயேவோவில் கணவரோடு சேர்ந்து சுடப்பட்டு இறந்தவர் இவர்தான்.

தெற்கு போஹீமியாவில் ஏன் இத்தனை ஏரிகள்?

எல்லாம் வெட்டியவை. இயற்கையாக அங்கே இருந்தது சதுப்பு நிலம். கோதுமை போட்டால் தேறாது. ஆனால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. விரத நாட்களில் இறைச்சி கூடாது என்பதால் மீனுக்கு எப்போதும் கிராக்கி. இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள் ரோஷ்ம்பெர்க் குடும்பத்தார். ஐந்து இதழ் ரோஜா அவர்கள் சின்னம். செஸ்கி க்ரும்லோவ் அவர்கள் தலைமையிடம். 16ஆம் நூற்றாண்டில் அரசருக்கு அடுத்த இடம் எங்களுக்கு என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குச் செல்வம்.

த்ரேபோன் ஊரைச் சுற்றி முதலில் வேலை செய்தவர் ஷ்டெபானெக் நெடோலிட்ஸ்கி. 1506 வாக்கில் தொடங்கி 1520 வாக்கில் அவர் முடித்த ‘பொன் வாய்க்கால்’ 45 கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஏரிக்கு ஏரி புதுத் தண்ணீர் கொண்டுபோகும் அந்த வாய்க்கால் இன்றும் ஓடுகிறது. நிலத்தின் சரிவு மிகக் குறைவு. நவீனக் கருவிகள் ஒன்றுமில்லாமல் மட்டம் பார்த்து இவ்வளவு தூரம் தண்ணீரை நடத்திக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மாளிகைகளைவிட இதுதான் பெரிய அதிசயம்.

அவருக்குப் பின் வந்தவர் யாகுப் கிர்சீன், வில்லெம் ரோஷ்ம்பெர்க்கின் பண்ணை நிர்வாகி. மனிதர் கொஞ்சம் முரட்டு ஆசாமி. 1584 முதல் 1590 வரை அவர் கட்டிய ரோஷ்ம்பெர்க் ஏரி இன்றும் செக் நாட்டிலேயே பெரியது, ஏறத்தாழ 490 ஹெக்டேர். கரையின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். கரையை இறுக்கிப் பிடிக்க நட்ட ஓக் மரங்கள் இப்போது வானளாவி நிற்கின்றன. லுஷ்னிட்ஸே ஆற்று வெள்ளம் ஏரியை உடைத்துவிடக் கூடாதே என்று, அதன் நீரில் ஒரு பங்கைத் திருப்பி நெஷார்கா ஆற்றில் விட ‘புது ஆறு’ என்ற இன்னொரு கால்வாயையும் வெட்டினார். 2002இல் பெரு வெள்ளம் வந்தபோது ஏரி வழக்கத்தைவிடப் பல மடங்கு தண்ணீரைத் தாங்கியது. கரை உடையவில்லை. மண் சுமந்தவர்களுக்குக் கிர்சீன் மேல் பிரியம் இருந்திருக்காது. அவர் பேய்களோடு ஒப்பந்தம் போட்டவர் என்ற கதை அந்தப் பக்கத்தில் இன்றும் உலவுகிறது.

கெண்டையைக் குஞ்சுக்கு ஒரு குளம், வளர்ச்சிக்கு ஒன்று, கடைசியில் பெரிய ஏரி என்று மாற்றி மாற்றி மூன்று நான்கு ஆண்டுகள் வளர்ப்பார்கள். இலையுதிர் காலத்தில் மதகைத் திறந்து நீரை வடித்துவிட்டு, எஞ்சிய நீரில் வலை போட்டு அள்ளுவார்கள். தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் உயிரோடு தூர நகரங்களுக்கும் போகும். இன்றும் செக் வீடுகளில் கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாடு என்றால் வறுத்த கெண்டைதான்.

அந்த ரோஷ்ம்பெர்க் குடும்பம் என்ன ஆனது?

வாரிசு இல்லை. வில்லெம் நான்கு முறை கல்யாணம் செய்தும் குழந்தை இல்லை. தம்பி பெட்ர் வோக்குக்கும் இல்லை. அண்ணன் 1592இல் இறந்தபோது விட்டுப்போனது நிலத்தோடு பெருங்கடனும். கடனை அடைக்க பெட்ர் வோக் க்ரும்லோவையே ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்கு விற்றுவிட்டு த்ரேபோனுக்குக் குடிபோனார். 1611இல் பஸ்ஸாவ் என்ற ஜெர்மன் ஊரில் திரட்டிய கூலிப்படை நாட்டுக்குள் புகுந்து சூறையாடியபோது, குடும்ப வெள்ளியை உருக்கிக் கொடுத்து அவர்களை அனுப்பி வைத்தவரும் இவரே. அதே ஆண்டு நவம்பரில் கண்ணை மூடினார். வம்சம் அத்தோடு முடிந்தது. நிலம் அதன்பின் வேறு கைகள் மாறி, 1660இல் த்ரேபோனும் 1719இல் க்ரும்லோவும் ஷ்வார்சன்பெர்க் குடும்பத்திடம் வந்து சேர்ந்தன.

பீருக்கும் பிரபுக்களுக்கும் என்ன சம்பந்தம்?

பெரிய சம்பந்தம். பீர் காய்ச்சுவது முதலில் நகரங்களின் தனியுரிமை. பிரபுக்கள் தாங்களும் காய்ச்ச ஆரம்பித்ததும் பல ஆண்டுகள் தகராறு. 1517இன் புனித வென்செஸ்லாஸ் ஒப்பந்தத்தில் நகரங்கள் விட்டுக்கொடுத்தன. அப்புறம் என்ன, ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு பீர் ஆலை. பண்ணைக்கு உட்பட்ட குடியானவர்கள் தங்கள் பிரபுவின் பீரைத்தான் வாங்கிக் குடிக்க வேண்டும். வெளியே வாங்கினால் தண்டனை. பார்லி பிரபுவுடையது, உழைப்பு குடியானவருடையது, குடித்துக் காசு கொடுப்பதும் அவரே.

உலகப் புகழ் பெற்ற பில்சென் பீர் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. 1842இல் அதைத் தொடங்கியவர்கள் பில்சென் நகரவாசிகள்.

1620இல் அப்படி என்னதான் நடந்தது?

இரண்டு மணி நேரம்கூட நீடிக்காத ஒரு போர், ஒரு நாட்டின் பட்டாக்களை எல்லாம் புரட்டிப் போட்டது.

1618 மே 23இல் புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் பிராக் கோட்டையில் அரசரின் ஆளுநர்கள் இருவரையும் அவர்கள் எழுத்தரையும் ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். மூவரும் பிழைத்தார்கள். கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க்கைத் தள்ளிவிட்டு வேறு அரசரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1620 நவம்பர் 8இல் பிராக்கை ஒட்டிய வெள்ளை மலையில் தோற்றார்கள். 1621 ஜூன் 21இல் பழைய நகரச் சதுக்கத்தில் 27 பேருக்கு மரண தண்டனை: பெரும் பிரபுக்கள் 3, வீரர் குலத்தவர் 7, நகரவாசிகள் 17. பன்னிரண்டு தலைகள் பாலத்துக் கோபுரத்தில் தொங்கவிடப்பட்டன. சதுக்கத்தின் தரையில் அவர்கள் நினைவாக 27 சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். செல்ஃபி எடுப்பவர்கள் பலர் தெரியாமலேயே மிதித்துக்கொண்டு போகிறார்கள்.

தண்டனையைவிடப் பெரிய விஷயம் பறிமுதல். நாட்டின் பண்ணைகளில் ஏறத்தாழ பாதி கை மாறியது. வாங்கியவர்கள் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள், ஆனால் என்ன காசு?

1622இல் நாணயம் அடிக்கும் உரிமையை ஒரு கூட்டணி குத்தகைக்கு எடுத்தது. அதில் தண்டனையை நடத்திவைத்த ஆளுநர் கார்ல் லிச்சென்ஸ்டைன், படைத் தளபதி வாலன்ஸ்டைன், வங்கியாளர் ஹான்ஸ் டி விட்டே, பிராக் யூத வணிகர் யாகோப் பாஸெவி ஆகியோர் இருந்தார்கள். முன்பு ஒரு மார்க் எடை வெள்ளியிலிருந்து சுமார் 19 கில்டர் அடித்தார்கள். இவர்கள் 79 கில்டர் அடித்தார்கள். வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டியதுதான் சூத்திரம். அந்தக் கள்ளக் காசைக் கொண்டே பறிமுதலான பண்ணைகளை வாங்கிக் குவித்தார்கள். 1623 டிசம்பரில் அரசே அந்த நாணயத்தின் மதிப்பை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காக இறக்கியது. பண்ணை வாங்கியவர்களுக்கு நஷ்டமில்லை. கையில் காசாக வைத்திருந்த சாமானியர்கள் ஒரே நாளில் ஓட்டாண்டி ஆனார்கள். டி விட்டே பின்னாளில் திவாலாகி 1630இல் தன் வீட்டுக் கிணற்றிலேயே விழுந்து செத்தார்.

வாலன்ஸ்டைன் வடக்கு போஹீமியாவில் ஐம்பதுக்கு மேற்பட்ட பண்ணைகளைச் சேர்த்து, யிச்சீன் நகரைத் தலைநகராக்கித் தனி ராஜ்ஜியம் போலவே நடத்தினார். 1634 பிப்ரவரி 25இல் ஹெப் நகரில் பேரரசரின் ஆட்கள் அவரைக் குத்திக் கொன்றார்கள். அவர் நிலமும் பங்கு போடப்பட்டது. கொலைக்கு உதவிய அதிகாரிகளுக்கும் பங்கு கிடைத்தது.

அப்படியானால் புதிய பிரபுக்கள் எல்லாரும் அந்நியர்களா?

பள்ளிப் புத்தகங்கள் நீண்ட காலம் அப்படித்தான் சொல்லின: செக் பிரபுக்கள் ஒழிந்தார்கள், ஜெர்மானியரும் இத்தாலியரும் வந்தார்கள், முந்நூறு ஆண்டு இருட்டு. பாதிதான் உண்மை. கல்லாஸ், பிக்கொலோமினி, கொல்லொரேடோ, புக்குவா போன்றவர்கள் வெளியிலிருந்து வந்த படைத்தலைவர்கள்தான். ஆனால் மிக அதிகமாக லாபம் பார்த்தவர்களில் பழைய உள்ளூர்க் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு: லோப்கோவிட்ஸ், ஷ்டெர்ன்பெர்க், கொலோவ்ராட், கின்ஸ்கி. வாலன்ஸ்டைனும் உள்ளூர் ஆள்தான். அவர் குடும்பப் பெயர் வால்ட்ஷ்டைன். சண்டை செக்கருக்கும் ஜெர்மானியருக்கும் நடந்ததாகப் பார்ப்பது 19ஆம் நூற்றாண்டின் கண்ணாடி. தோற்ற தரப்பிலும் ஜெர்மன் பேசியவர்கள் இருந்தார்கள்.

உண்மையில் மாறியது சட்டம். 1627இல் போஹீமியாவுக்கும் அடுத்த ஆண்டு மொராவியாவுக்கும் வந்த ‘புதுப்பிக்கப்பட்ட நிலச் சட்டம்’ அரியணையைப் பரம்பரைச் சொத்தாக்கியது. செக்குக்குச் சமமாக ஜெர்மனை வைத்தது. கத்தோலிக்கம் தவிர வேறு மதம் கூடாது என்றது. பிரபுக்கள் மதம் மாறலாம் அல்லது நாட்டை விட்டுப் போகலாம். கல்வியாளர் கொமேனியஸ் போன்றவர்கள் வெளியேறினார்கள். சாதாரணக் குடியானவருக்குப் போகும் உரிமைகூட இல்லை, மாற வேண்டியதுதான்.

1818இல் பிராகில் தேசிய அருங்காட்சியகத்தை நிறுவ முன்நின்றவர் இதே ஷ்டெர்ன்பெர்க் குடும்பத்துக் கோமகன் காஷ்பர். அவருக்குத் தாய்நாடு என்றால் போஹீமியா என்ற மண். அங்கே இரண்டு மொழிகள் பேசப்பட்டது அவருக்குச் சிக்கலாகவே படவில்லை.

பிராக் குழந்தை இயேசு சுரூபம் இந்தப் பிரபுக்கள் தந்ததா?

ஆமாம். ஸ்பெயினிலிருந்து பெர்ன்ஷ்டெய்ன் குடும்பத்துக்கு மருமகளாக வந்த மரியா மான்ரிக்கே கொண்டுவந்ததாக மரபு. அவர் மகள் பொலிக்ஸேனா அதை 1628இல் பிராகின் கார்மேல் சபைத் துறவிகளுக்குக் கொடுத்தார். இந்தப் பொலிக்ஸேனாதான் வில்லெம் ரோஷ்ம்பெர்க்கின் நான்காவது மனைவி. அவர் இறந்தபின் லோப்கோவிட்ஸ் குடும்பத்தில் மறுமணம். 1618இல் ஜன்னலிலிருந்து விழுந்த ஆளுநர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவரும் இவரே. பெங்களூரு விவேக் நகர்க் கோயிலுக்கு வியாழக்கிழமை தோறும் போகும் நம் ஆட்கள் வணங்கும் குழந்தை இயேசுவின் பக்தி அந்தச் சுரூபத்திலிருந்து கிளம்பியதுதான்.

குடியானவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

அவர்கள் யாராலும் விற்கப்படும் அடிமைகள் அல்ல. ஆனால் ஊரை விட்டுப் போக முடியாது. பிரபுவின் அனுமதி இல்லாமல் கல்யாணம் இல்லை. மகனைத் தொழில் பழகவோ படிக்கவோ அனுப்ப முடியாது. வேறு பண்ணைக்குக் குடிபோக விடுதலைச் சீட்டு வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பண்ணையின் அனாதைப் பிள்ளைகளை நிர்வாகியின் முன்னால் வரிசையாக நிறுத்துவார்கள். யார் பிரபுவின் பண்ணை வீட்டில் வேலைக்குப் போவது என்று அங்கே தீர்மானிக்கப்படும்.

எல்லாவற்றிலும் பெரிய சுமை ரோபோட்டா. பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டிய நாட்கள் அவை. 1618 முதல் 1648 வரை நீண்ட முப்பதாண்டுப் போரில் மக்கள் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. வேலைக்கு ஆள் இல்லை, ஆகவே இருப்பவர்களை இன்னும் இறுக்கினார்கள். அறுவடை சமயத்தில் தன் கதிர் வயலில் உதிர்ந்துகொண்டிருக்க, கங்காணியின் தடிக்குப் பயந்து பிரபுவின் வயலில் நிற்க வேண்டும்.

1680இல் கலகம் வெடித்தது. பேரரசர் லியோபோல்ட் படையை அனுப்பி அடக்கினார். கூடவே வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் ரோபோட்டா கூடாது என்று ஆணையும் இட்டார். ‘அவசியமான காலங்கள் நீங்கலாக’ என்ற ஒரு வரி அதில் இருந்தது. அந்த ஒரு வரி போதுமே.

இது எப்போது ஒழிந்தது? 1781 என்கிறார்கள், 1848 என்கிறார்கள்.

இரண்டும் சரி. ஒழிந்தவை இரண்டு வெவ்வேறு விஷயங்கள்.

1770 முதல் 1772 வரை மழையும் விளைச்சல் பொய்த்ததும் சேர்ந்து கொடும் பஞ்சம். போஹீமியாவில் லட்சத்துக்கு மேற்பட்டோர் செத்தார்கள். 1775இல் வடகிழக்கில் மறுபடி கலகம். பேரரசி மரியா தெரேசா விடுதலை ஆணை போட்டுவிட்டார், பிரபுக்கள் அதை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று வதந்தி. அப்படி ஒரு ‘தங்க ஆணை’ இருக்கவில்லை. ஹ்லுமெட்ஸ் ஊருக்கு அருகே படை அவர்களைச் சிதறடித்தது. தப்பி ஓடிய சிலர் ஏரியில் விழுந்து இறந்தார்கள். படுதோல்வி அடைந்தவரைப் பார்த்து ‘ஹ்லுமெட்ஸ் குடியானவர் கதை ஆகிவிட்டது’ என்று செக்கர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

ஆனாலும் அதே ஆண்டு ஆகஸ்ட் 13இல் ஆணை வந்தது. குடியானவர்களை அவர்கள் கட்டும் வரியை வைத்து 11 வகுப்பாகப் பிரித்தார்கள். சொந்த வீடில்லாமல் அண்டி வாழ்பவருக்கு ஆண்டுக்கு 13 நாள், வரி கட்டாத குடிசைக்காரருக்கு 26 நாள், பெரிய குடியானவர் வாரம் மூன்று நாள் ஏர் மாடு, குதிரையோடு வர வேண்டும். ஒரு நாள் என்றால் குளிர்காலத்தில் 8 மணி நேரம், கோடையில் 12 மணி நேரம் என்றும் எழுதினார்கள். இதைப் படிக்கும்போது கருணை போலத் தோன்றும். அரசுக்கு வரி கட்டுவதும் படைக்கு ஆள் தருவதும் குடியானவர்தான்; பிரபுவே அவரை உறிஞ்சிவிட்டால் அரசுக்கு என்ன மிஞ்சும் என்ற கணக்கும் அதில் இருக்கிறது.

1781 நவம்பர் 1இல் இரண்டாம் ஜோசப் மண்ணோடு கட்டிப் போட்டிருந்த தளையை அவிழ்த்தார். கல்யாணம், குடிபெயர்வு, தொழில் மூன்றும் குடியானவர் விருப்பம். ரோபோட்டா மட்டும் தொடர்ந்தது. 1848 புரட்சியின்போது வியன்னா நாடாளுமன்றத்தில் சிலேசியாவைச் சேர்ந்த ஹான்ஸ் குட்லிக் என்ற இளைஞர் அதை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். செப்டம்பர் 7இல் சட்டமானது. பிரபுக்களுக்கு இழப்பீடு உண்டு: கணக்கிட்ட மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, ஒரு பங்கு குடியானவர் கட்ட வேண்டும், ஒரு பங்கு அரசுத் தரப்பில். தன் முதுகில் இருந்த சுமையைத் தானே விலை கொடுத்து இறக்கினார் குடியானவர்.

அந்த இழப்பீட்டுப் பணம் எங்கே போனது?

கணிசமான பகுதி தொழிலுக்கு. பிரபு என்றால் வேட்டையாடிக்கொண்டு நடனமாடுபவர் என்று நினைத்தால் தப்பு. 1715இலேயே ஒரு வால்ட்ஷ்டைன் கோமகன் லிட்வீனோவில் கம்பளி நெசவாலை வைத்தார். துன் குடும்பத்துப் பண்ணையான க்ளாஷ்டெரெட்ஸில் 1794இல் பீங்கான் ஆலை தொடங்கப்பட்டது. ஷ்வார்சன்பெர்க்குகள் 1789 முதல் ஷுமாவா மலைக் காடுகளில் ஒரு கால்வாய் வெட்டினார்கள். பொறியாளர் யோசெஃப் ரோசெனவர். மலைக்கு இந்தப் பக்கத்து விறகு நீர்ப்பிரிமேட்டைத் தாண்டி டான்யூப் வழியாக வியன்னாவின் அடுப்புகளுக்கு மிதந்து போனது. விட்கோவிட்ஸே இரும்பு ஆலையை 1828இல் தொடங்கியவர் ஓலொமௌட்ஸ் பேராயர். பில்செனில் 1859இல் இன்னொரு வால்ட்ஷ்டைன் திறந்த இயந்திரப் பட்டறையை 1869இல் அங்கே வேலை பார்த்த பொறியாளர் வாங்கினார். அவர் பெயர் எமில் ஷ்கோடா.

1848க்குப் பிறகு சர்க்கரைக் கிழங்கு ஆலைகளும் நவீன பீர் ஆலைகளும் பண்ணைக்குப் பண்ணை முளைத்தன. பழைய ஏரிகளில் பல அதற்கு முன்பே வடிக்கப்பட்டு வயலாகியிருந்தன.

1918இல் பட்டங்களை ஒழித்தார்களே, நிலத்தையும் எடுத்துக்கொண்டார்களா?

பட்டம் போனது உடனே: செக்கோஸ்லோவாக்கியக் குடியரசு பிறந்து ஆறே வாரத்தில், 1918 டிசம்பர் 10இல். நிலம் மெதுவாகப் போனது. 1919 ஏப்ரல் சட்டப்படி 150 ஹெக்டேர் விளைநிலத்துக்கு மேல், அல்லது எல்லா வகையும் சேர்த்து 250 ஹெக்டேருக்கு மேல் இருப்பவற்றை அரசு எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் எழுதியிருந்தது. நில அலுவலகத்தோடு பேரம் பேசி, வழக்காடி, காடு என்று காட்டிப் பலர் நிறைய வைத்துக்கொண்டார்கள். பெரிய பண்ணையைக் கூறு போட்டபின் மாளிகையும் தொழுவமும் கொண்ட நடுத்துண்டு மிஞ்சுமே, அது பல இடங்களில் ஏழைக் குடியானவருக்குப் போகவில்லை. ஆளுங்கட்சிக்கு, குறிப்பாக விவசாயிகள் கட்சிக்கு, வேண்டியவர்களுக்குப் போனது என்று அப்போதே முணுமுணுப்பு.

சராயேவோவில் இறந்த தம்பதியின் பிள்ளைகளிடமிருந்து கொனோபிஷ்டெ மாளிகையை மட்டும் 1921இல் தனிச் சட்டம் போட்டே எடுத்தார்கள்.

நாஜிக்கள் வந்தபோது பிரபுக்கள் யார் பக்கம்?

இரண்டு பக்கமும். 1938 ஆகஸ்டில் பிரிட்டனின் ரன்சிமன் தூதுக்குழு எல்லைப் பகுதியில் வாழ்ந்த சுடேட்டன் ஜெர்மானியரின் நாஜி ஆதரவுத் தலைவர் ஹென்லைனைச் சந்தித்தது ஹோகென்லோகெ இளவரசரின் செர்வெனி ஹ்ராடெக் மாளிகையில். அடுத்த மாதம், செப்டம்பர் 17இல், பழைய குடும்பங்கள் சிலவற்றின் பிரதிநிதிகள் பிராக் கோட்டைக்குப் போய் அதிபர் பெனெஷிடம் நாட்டின் எல்லை பிளவுபடக் கூடாது என்று அறிக்கை கொடுத்தார்கள். தங்கள் பட்டத்தை ஒழித்த குடியரசுக்கு அவர்கள் காட்டிய விசுவாசம் அது. 1939இல் ஆக்கிரமிப்புக்குப் பிறகும் பலர் செக் தேசத்தவர் என்றே கையெழுத்திட்டார்கள். நாஜிக்கள் அவர்கள் பண்ணைகளைக் கட்டாய நிர்வாகத்தில் வைத்துப் பழிவாங்கினார்கள்.

ஹ்லுபோகா மாளிகையின் சொந்தக்காரர் அடோல்ஃப் ஷ்வார்சன்பெர்க் வெளிநாடு தப்பினார். சொத்தை நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ எடுத்துக்கொண்டது. உறவினர் யிந்த்ரிஷிஹ் புக்கென்வால்ட் முகாமில் அடைபட்டார்.

போர் முடிந்ததும் திருப்பிக் கொடுத்தார்களா?

இல்லை, இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் உறுத்தும் இடம் இது. 1945 பெனெஷ் ஆணைகள் ஜெர்மானியர், ஹங்கேரியர், துரோகிகள் ஆகியோரின் சொத்தை இழப்பீடின்றிப் பறித்தன. ஏறத்தாழ முப்பது லட்சம் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டார்கள். அடோல்ஃப் நாஜி எதிர்ப்பாளர் என்பதால் ஆணைகள் அவர்மீது சரியாகப் பொருந்தவில்லை. ஆகவே 1947 ஜூலையில் அந்த ஒரு குடும்பக் கிளைக்காகவே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சி இன்னும் வரவில்லை. தேர்தலில் வந்த கூட்டணி அரசுதான்.

1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த பிறகு மிச்சமிருந்தவர்களுக்கும் அதே கதி. 50 ஹெக்டேருக்கு மேல் யாருக்கும் இல்லை, மாளிகைகள் அரசுடைமை. சிலர் ஓடினார்கள், சிலர் தங்கினார்கள். யிர்ஷி ஷ்டெர்ன்பெர்க் தன் முன்னோர் கட்டிய செஸ்கி ஷ்டெர்ன்பெர்க் கோட்டையிலேயே ஒரு சிறு வீட்டில் குடியிருந்து, பார்வையாளர்களுக்கு வழிகாட்டியாக வேலை பார்த்தார். அவர் மகனை ஒஸ்ட்ராவா சுரங்கத்துக்கு அனுப்பினார்கள்.

1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகு யாருக்கு என்ன கிடைத்தது?

எல்லாம் ஒரு தேதியில் தொங்கியது: 1948 பிப்ரவரி 25. அதற்குப் பிறகு பறிக்கப்பட்டது என்றால், செக் குடியுரிமை இருந்தால், 1991 சட்டங்களின்படி திரும்பக் கேட்கலாம். அதற்கு முன் பறிக்கப்பட்டது என்றால் பொதுவாகக் கிடையாது.

இதனால் ஒரே குடும்பத்தில் ஒரு கிளை கோட்டைக்குத் திரும்பியது, மறு கிளை வெளியே நின்றது. ஓர்லிக் கோட்டை கார்ல் ஷ்வார்சன்பெர்க்குக்கு வந்தது. வெளியுறவு அமைச்சராக இருந்து, 2013 அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றில் ஜெமானிடம் தோற்றவர் இவர், 2023இல் காலமானார். ஹ்லுபோகாவும் க்ரும்லோவும் அரசிடமே இருக்கின்றன. அந்தத் தேர்தல் பிரச்சாரத்தில் பெனெஷ் ஆணைகளைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசியது அவருக்கு ஓட்டுகளை இழக்க வைத்தது என்று பலர் சொல்கிறார்கள்.

லோப்கோவிட்ஸ் குடும்பம் நாஜிக்களிடம் ஒருமுறை, கம்யூனிஸ்டுகளிடம் ஒருமுறை என்று இரண்டு தடவை எல்லாவற்றையும் இழந்தது. அமெரிக்காவில் வளர்ந்த பேரன் திரும்பி வந்து வழக்காடி, 2002இல் பிராக் கோட்டைக்குள் இருக்கும் அரண்மனையையும் மீட்டார். பீத்தோவனின் மூன்றாவது சிம்பனி அவர்கள் முன்னோர் ஒருவருக்குத்தான் சமர்ப்பணம். மாளிகை திரும்பி வந்ததோடு கூரைச் செலவும் திரும்பி வந்தது என்பதை வெளியே இருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். திரும்பப் பெற்றவர்களில் சிலர் விற்றும் விட்டார்கள்.

லிச்சென்ஸ்டைன் நாடு இன்னும் ஏன் வழக்காடுகிறது?

1622இல் கள்ளக் காசு அடித்தாரே, அந்தக் கார்லின் குடும்பம்தான் இன்று ஆல்ப்ஸ் மலையில் அந்தச் சிறு நாட்டை ஆள்கிறது. லெட்னிட்ஸே, வால்டிட்ஸே உட்பட மொராவியாவில் அவர்களுக்கு இருந்த நிலம் அவர்கள் நாட்டைவிடப் பல மடங்கு பெரிது. 1945இல் அவர்களை ஜெர்மானியர் என்று வகைப்படுத்திப் பறித்தார்கள். போரில் நடுநிலை வகித்த தனி நாட்டின் அரசர் எப்படி ஜெர்மானியர் ஆவார் என்பது அவர்கள் கேள்வி. இரு நாடுகளும் தூதரக உறவு வைத்துக்கொண்டதே 2009இல்தான். 2020இல் விவகாரம் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றத்துக்கும் போனது. செக் அரசு விட்டுக்கொடுக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு நூலை இழுத்தால் 1945இன் முடிச்சு முழுக்க அவிழுமே என்ற பயம்.

இன்று ஒருவர் தன்னைக் கோமகன் என்று சொல்லிக்கொள்ளலாமா?

பேச்சில் யாரும் தடுக்க மாட்டார்கள். அடையாள அட்டையில் வராது. 1918 சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

இதையெல்லாம் நாமே மூல ஆவணத்தில் பார்க்க முடியுமா?

முடியும், இணையத்திலேயே நிறையக் கிடைக்கிறது. த்ரேபோன் மாளிகையில் இயங்கும் அரசு ஆவணக் காப்பகம் ரோஷ்ம்பெர்க், ஷ்வார்சன்பெர்க் பண்ணைப் பதிவுகளைப் பாதுகாக்கிறது. பங்குக் கோயில்களின் பிறப்பு, திருமணப் பதிவேடுகளையும் படியெடுத்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். 1654இன் வரிப் பதிவேட்டில் போருக்குப் பிறகு எந்தக் குடியானவர் நிலம் பாழாய்க் கிடந்தது என்பது வரை இருக்கிறது.

மொழி தெரியாதவர்கள் 19ஆம் நூற்றாண்டின் நில அளவை வரைபடங்களில் தொடங்கலாம். 1:2880 அளவில் ஊர் ஊராகக் கையால் வண்ணம் தீட்டியவை. தீப்பிடிக்காத கல் கட்டடம் சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள். ஏதாவது ஒரு கிராமத்தை எடுத்துப் பாருங்கள்: பிரபுவின் மாளிகையும் கோயிலும் பீர் ஆலையும் சிவப்பாக நடுவில் நிற்கும், சுற்றி மஞ்சள் வீடுகள். பதிவேடுகளுக்குப் போகும்போது பழைய ஜெர்மன் கையெழுத்தைப் பழக வேண்டியிருக்கும். அதற்கான எழுத்து அட்டவணையும் இணையத்தில் தேடினால் கிடைக்கும்.